ஆர்கேடியாவில் எல்லோரும் மாநிறம்

நியூயார்க்,
3 பிப்ரவரி 1955

மதிப்பிற்குரிய திருமதி மருல்லோ அவர்களுக்கு,

இக்கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன. வேண்டாததைத் தாண்டிப் போக உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று வரிசையை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

1. ஆர்கேடியா அரங்கம் இப்போது இருக்கும் நிலை.
2. மணப்பெண் கவுன் விஷயத்தில் நான் செய்தது சரியே என்பது.
3. நீங்கள் இல்லாமலும் இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்பது.
4. நிறத்தில் ஏற்பட்டுள்ள ஒரு சிக்கல். அதுபற்றி உங்கள் கருத்து.

முதலாவது. கிறிஸ்துமஸுக்கு முன் நீங்கள் கிளம்பியபோது கீழ்த்தளத்தில் சில வரிசை நாற்காலிகள் மிச்சமிருந்தன. அவற்றையும் கழற்றிவிட்டார்கள். மேடை அரங்கின் நடுப்பகுதிவரை நீண்டுவிட்டது. நாடகம் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது தொலைக்காட்சியின் வண்ணக் கேமராக்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் குளிர்பதனப் பெட்டி அளவு. விளக்குச் சூட்டில் பிப்ரவரியிலும் ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். கூரையில் இருக்கும் பொன்முலாம் தேவதைகளை இடிக்கவில்லை. ஆனால் ஒரு தேவதையின் காலில் கம்பி கட்டி விளக்கு தொங்கவிட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் அந்த அரங்கின் உடைகளைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். உங்களிடம் இதை மறைப்பது முறையல்ல என்று எழுதுகிறேன்.

இரண்டாவது. தூய வெள்ளை வண்ணக் கேமராவுக்கு ஆகாது. திரையில் அது புகைபோலப் படரும், பக்கத்திலிருக்கும் முகம் கறுத்துவிடும். அதனால்தான் வெள்ளைத் துணிகளைத் தேயிலைத் தண்ணீரில் நனைக்கிறோம். நிகழ்ச்சிக்காக நீங்கள் தைத்த மணப்பெண் கவுனை, நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உங்களிடம் சொல்லாமல் நனைத்தது மரியாதையற்ற செயல். நனைக்க வேண்டியது அவசியம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

மூன்றாவது. புதிதாக வந்திருக்கும் உடைப் பொறுப்பாளர் குறித்த நேரத்துக்கு வருகிறார், அதிகம் பேசுவதில்லை. மாடியில் நம் அறை அமைதியாக இருக்கிறது. சாயத் துண்டுகளை நான் தடங்கலின்றிப் பரிசோதிக்க முடிகிறது.

நான்காவது. ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சியில் எல்லாமே மஞ்சள் தட்டுகிறது. நிகழ்ச்சிக்குச் செலவு செய்வது ஒரு சோப்புக் கம்பெனி. அவர்களுடைய சோப்பு, பெயரே 'வின்டர் லில்லி', திரையில் வெண்ணெய்க்கட்டி மாதிரி தெரிகிறது. மார்ச் இருபதாம் தேதி நிகழ்ச்சிக்குள் இது சரியாகாவிட்டால் நிற ஆலோசகரை மாற்றும்படி சொல்லியிருக்கிறார்கள். நிற ஆலோசகர் நான்தான். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு வேலை இன்னொரு முறை கிடைக்காது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டாலும் பாதகமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஹோரேஸ் வின்ஸ்லோ


ப்ராவிடன்ஸ்,
9 பிப்ரவரி

ஹோரேஸ்,

மூன்றாவதில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். நான்காவதில் வேலை போகப்போகிறது என்கிறீர்கள். கல்லூரியிலும் இப்படித்தான் பாடம் நடத்தினீர்களா? பாவம் அந்தப் பிள்ளைகள்.

கடிதத்தை என் தங்கை அசுந்தாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "யாருக்கா இது, வக்கீலா?" என்று கேட்டாள். "இல்லடி, வாத்தியார்" என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" "இல்ல." "ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தேவதையின் காலில் விளக்கா? கட்டியவன் அந்த விளக்குக்காரன் டச் ஹாகர்டியாகத்தான் இருப்பான். அவனிடம் சொல்லுங்கள், அந்த தேவதைக்கு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஏணி போட்டு ஏறித் தூசி தட்டியவள் நான். அடுத்த முறை அவன் கால்சட்டை கிழிந்தால் அவனே தைத்துக்கொள்ளட்டும்.

இப்போது கவுன். இதை நான் சொல்லாமல் வந்துவிட்டேன், அது என் திமிர். அந்தக் கழுத்தில் வைத்துத் தைத்த லேஸ் கடையில் வாங்கியதில்லை. வீட்டோவை நான் கல்யாணம் செய்துகொண்டபோது போட்டிருந்த முக்காட்டிலிருந்து வெட்டியது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பெட்டிக்குள் கிடந்து மட்கிப்போவதை விட ஒரு மணப்பெண் கழுத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், அது வாளியில் மிதக்கிறது. நீங்கள் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறீர்கள், முட்டை வேகவைப்பவர் மாதிரி.

அதனால்தான் கத்தினேன். அதனால்தான் கிளம்பினேன்.

மஞ்சளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கொழுந்தன் நுன்ஸியோவின் மரச்சாமான் கடைக்கு வண்ணத் தொலைக்காட்சி ஒன்று வரப்போகிறது. இத்தாலிக்காரர்களான நாங்கள் வாழும் ஃபெடரல் ஹில் முழுக்க அதே பேச்சு. வந்தால் பார்த்துச் சொல்கிறேன்.

கான்செட்டா மருல்லோ


நியூயார்க்,
14 பிப்ரவரி

மதிப்பிற்குரிய திருமதி மருல்லோ அவர்களுக்கு,

1. லேஸ்.
2. சிக்கலின் இப்போதைய நிலை.

லேஸ் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல முறை யோசித்தேன். உங்களுக்கு ஆறுதலாக ஒரு பதிலை எழுதிவிடலாம், அது நேர்மையாகாது. தெரிந்திருந்தால் கழுத்தை மட்டும் கவனமாகப் பிரித்து எடுத்து வைத்துவிட்டு, மீதிக் கவுனை நனைத்திருப்பேன். நேற்று அதைத்தான் செய்தேன், தாமதமாக. பிரித்த லேஸை வெந்நீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் பல முறை அலசினேன். பெரும்பகுதி வெளுத்துவிட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு நிழல் நிற்கிறது. அது போகாது என்று நினைக்கிறேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சிக்கலுக்கு வருகிறேன். நேற்று நிகழ்ச்சி முடிந்ததும் சோப்புக் கம்பெனிக்காரர் நிர்வாகி காரவேயின் அறைக்கே வந்துவிட்டார். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, நான் விக்கிறது சோப்பு. வெண்ணெய் இல்ல. போன வாரம் என் மாமியார் ரொட்டி மேல தடவலாமான்னு கேக்குறாங்க."

"புரபசர் பாத்துக்கிட்டு இருக்காரு சார்" என்றார் காரவே.

"எத்தன வாரமா பாத்துக்கிட்டு இருக்காரு? அவருக்குக் கண்ணு தெரியுதா?"

நான் வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். இருமிவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன். இருமல் வரவில்லை.

விளக்குகளை மாற்றிவிட்டோம். கேமராவுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் குழாய்கள் உண்டு, அவற்றையும் மாற்றிவிட்டோம். சுவரின் வண்ணத்தை மாற்றினோம். மஞ்சள் போகவில்லை.

சிக்ரிட் ஹால்வர்சன் உங்களுக்கு நினைவிருப்பாள்; நிகழ்ச்சிக்கு முன் கேமராக்களைச் சரிசெய்வதற்காக அவற்றின் முன் நிற்கும் பெண்; அந்தப் படம் கடைகளில் இருக்கும் தொலைக்காட்சிகளிலும் தெரியும். நேற்று அவள் என்னிடம், "மிஸ்டர் வின்ஸ்லோ, எங்கம்மா பே ரிட்ஜ்ல கடை ஜன்னல்ல இருந்த டிவில என்னப் பாத்துட்டு போன் பண்ணுனாங்க. 'பிப்ரவரி மாசத்துல எந்த வெயில்லடி போய் நின்ன'ன்னு திட்டுறாங்க. நான் அவ்வளவு கறுத்தா போயிட்டேன்?" என்று கேட்டாள். அவள் பால்போல வெளுத்த பெண். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஹோரேஸ் வின்ஸ்லோ


ப்ராவிடன்ஸ்,
28 பிப்ரவரி

ஹோரேஸ்,

லேஸ் வந்தது. எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை. ஓரத்து நிழலை அசுந்தாவிடம் காட்டினேன். "பழசுன்னா அப்படித்தான் இருக்கும். உன் மொகத்துல இல்லையா?" என்றாள். அவள் என் தங்கைதான், சந்தேகம் வேண்டாம்.

நீங்கள் அதைப் பிரித்த விதத்தைப் பார்த்தேன். ஒரு நூல்கூட அறுபடவில்லை. உங்கள் கைக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று தெரிந்திருந்தால் பொத்தான் தைக்கும் வேலையை உங்களுக்கே கொடுத்திருப்பேன்.

நேற்று நுன்ஸியோவின் கடையில் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், தெருவே பார்த்தது. சோபா, கட்டில், அலமாரி என்று விற்பதற்கு வைத்திருந்த எல்லாவற்றின் மேலும் ஆட்கள். தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. கீரையும் பீன்ஸும் போட்ட சூப்பைத் தட்டில் ஏந்திக்கொண்டே வந்துவிட்டார்கள். "கட்டில்ல சூப்ப ஊத்துனா கட்டில வாங்கிட்டுத்தான் போகணும்!" என்று நுன்ஸியோ கத்திக்கொண்டே இருந்தார்.

படம் வந்தது. அந்த அயர்லாந்துப் பாடகன் வந்தான், செம்பட்டைத் தலை. பிறகு பின்னாலிருந்து கிழவர் ஒருவர், "இவன் நம்ம ஊருக்காரன்ப்பா!" என்றார். இன்னொருவர், "எந்த ஊரு? நேப்பிள்ஸா, பாரியா?" அப்புறம் நடனப் பெண்கள். "பாரு, எல்லாம் நம்ம பிள்ளைங்க. டிவிக்காரங்களுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு." உங்கள் சிரிக்கும் அறிவிப்பாளர் என் மாமா மாதிரியே இருந்தார். எல்லோருக்கும் ஆலிவ் எண்ணெயில் ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி, ஒருவர் விடாமல் மாநிறம். ஃபெடரல் ஹில்லுக்கு உங்கள் நிகழ்ச்சி ரொம்பப் பிடித்துவிட்டது, ஹோரேஸ். சோப்பை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் வேலை ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கு, குழாய், சுவர் எல்லாம் பார்த்தாயிற்று என்கிறீர்கள். வேறு என்னதான் மிச்சம் இருக்கிறது?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் ஒரு சமையல்காரன் வந்தான். மாவு மாதிரி வெள்ளைச் சட்டை, எவனோ நனைக்க மறந்திருக்கிறான். நீங்கள் சொன்ன மாதிரியே புகை படர்ந்து அவன் முகம் கரியாகிவிட்டது. ஆக, உங்கள் முதல் கடிதத்தின் இரண்டாவது குறிப்பில் ஜெயித்தது நீங்கள். இதை இன்னொரு முறை சொல்லச் சொல்லாதீர்கள்.

கான்செட்டா


நியூயார்க்,
8 மார்ச்

அன்புள்ள திருமதி மருல்லோ,

இந்தக் கடிதத்துக்கு வரிசை போட முடியவில்லை. காரணம் தெரிந்துவிட்டது.

"வேறு என்ன மிச்சம்" என்று நீங்கள் கேட்டதை முறையாக எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலையிலிருந்து சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கேமராக்களின் முன் வைத்து, கருவி காட்டும் அளவை அவ்வப்போது குறித்துவந்தேன். மதியம்வரை எல்லாம் சரி. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நிகழ்ச்சி தொடங்கும்போது மஞ்சள். இடையில் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: சிக்ரிட் கேமராக்களின் முன் நிற்பாள், நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவள் முகம் சரியாகத் தெரியும்வரை குமிழ்களைத் திருப்புவேன். கடைசித் திருத்தம் கருவியால் அல்ல, கண்ணால் செய்யப்பட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். துணியின் நிறம் வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, மனித முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

ஆக, அந்த நேரத்தில் மாறுவது விளக்கல்ல, குழாயல்ல. நான்தான்.

எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. டச் ஹாகர்டியை அழைத்து, நான் சரிசெய்து முடித்த படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"புரபசரே, நெசமாவே தெரியாமத்தான் கேக்குறீங்களா?"

"தெரியாது."

"இது அந்த நார்வே பொண்ணோட மொகமா? இது மூணாவது மாடி கான்செட்டாம்மா கலருய்யா! மூக்கும் வாயும்தான் கொறையுது."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"ஜனவரியிலிருந்தே எங்க எல்லாருக்கும் தெரியும். பெருசு மனசுல என்னமோ இருக்கு, நம்ம ஏன் கெளறணும்னு விட்டுட்டோம். சோப்புக்காரன் இப்படிக் குதிப்பான்னு யாருக்குத் தெரியும்?"

திருமதி மருல்லோ, இதற்கு நான் தரக்கூடிய விளக்கம் இது. ஐந்து மாதம் மாடி அறையில் வடக்கு ஜன்னலோரம் உங்கள் தையல் இயந்திரம் இருந்தது. சாயத் துண்டுகளைப் பார்த்துக் கண் களைத்தால் நிமிர்ந்து பார்ப்பேன். நிமிர்ந்தால் ஜன்னல், ஜன்னலுக்கு முன் நீங்கள். வடக்கு வெளிச்சம் மாறாதது, நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. முகம் என்றால் இதுதான் நிறம் என்று என் கண் கற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் இருந்தவரை, உங்களை நேரில் பார்த்து, உங்கள் நிறம் வேறு மற்றவர் நிறம் வேறு என்று அது தன்னைத் திருத்திக்கொண்டது போலும். நீங்கள் போன பிறகு, பார்க்கும் எல்லா முகங்களையும் உங்கள் நிறத்துக்கே கொண்டுபோயிருக்கிறது. எனக்குத் தெரியாமல். தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன், அதற்கு எனக்குத் துணிவில்லை.

இதை காரவேயிடம் எப்படிச் சொல்வது? ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'கண்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு இதனால் சங்கடம் நேர்ந்திருந்தால் மன்னியுங்கள்.

ஹோரேஸ் வின்ஸ்லோ


ப்ராவிடன்ஸ்,
11 மார்ச்

ஹோரேஸ்,

ராஜினாமாவைக் கிழியுங்கள். கிழித்துவிட்டு மேலே படியுங்கள்.

கிழித்தாயிற்றா?

அடுத்த வாரம் சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, யோசேப்பு திருநாள். காலைப் பூசைக்குப் போய்விட்டு மதிய ரயிலைப் பிடிக்கிறேன். ஞாயிறு கேமரா முன்னால் நான் நிற்கிறேன். என் முகத்தைப் பிடிக்கத்தானே அந்தக் குமிழ்களைத் திருப்புகிறீர்கள்? அப்படியானால் அங்கே என் முகமே இருக்கட்டும். அந்த நார்வேப் பெண்ணைப் போட்டு வதைக்காதீர்கள்.

காரவேயிடம் புதிய முறை ஒன்றைச் சோதிக்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

அசுந்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா, அமெரிக்கா பூரா பாக்குற டிவில உன் கலரப் பூசியிருக்கான் அந்த மனுஷன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையா?" "அவருக்கு வரிச போடத் தெரியாத விஷயம்டி" என்றேன்.

எனக்குச் சங்கடமா என்று கேட்கிறீர்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு வரக்கூடிய சங்கடமா இது?

நிற்பதற்கு முதுகு உள்ள நாற்காலி ஒன்று வேண்டும். விளக்குச் சூட்டில் நான் மணிக்கணக்கில் நிற்க மாட்டேன்.

கான்செட்டா


நியூயார்க்,
22 மார்ச்

அன்புள்ள கான்செட்டா,

ஞாயிறன்று நீங்கள் கேமராவின் முன் உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணாடி அறைக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

நீங்கள் கொண்டுவந்த யோசேப்பு திருநாள் பலகாரத்தில் டச் ஏற்கெனவே மூன்றைத் தின்றிருந்தார். அவர் மீசையெல்லாம் க்ரீம். நான் குமிழ்களில் கை வைத்தேன். திரையில் உங்கள் முகம் வந்தது. வழக்கம்போல மஞ்சள் பக்கம் கை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி; பிறகு திருப்ப ஒன்றும் இல்லை. கை தானாக மடியில் வந்து விழுந்தது. டச் அட்டையை எடுத்து வைத்துக் கருவியைப் பார்த்தார். "வெள்ளைன்னா இதுதான்யா வெள்ள" என்றார்.

அப்போது நீங்கள் கேமராவைப் பார்த்து, "ஹோரேஸ், இன்னும் எவ்வளவு நேரம்? முதுகு போயிடுச்சு" என்றீர்கள். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. வேலை முன்பே முடிந்துவிட்டிருந்தது. நான்தான் சொல்லவில்லை.

சோப்பு வெள்ளையாக வந்தது. சோப்புக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "மாமியார் வாய அடச்சிட்டீங்க புரபசர்!" என்றார். என் வேலைக்கு ஆபத்தில்லை.

இனி ரயில் நிலையத்தில் நீங்கள் கேட்ட கேள்வி. "நேரா சொல்லுங்க ஹோரேஸ். ஒங்களுக்கு நான் வேணுமா, இல்ல அந்தக் கேமராவுக்கு என் மொகம் வேணுமா?" என்று கேட்டீர்கள். நான், "இதில் இரண்டு கூறுகள் இருக்கின்றன" என்று ஆரம்பித்தேன். ரயில் கிளம்பிவிட்டது. ஜன்னலில் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டது தெரிந்தது.

கூறுகளைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. ஆகவே நேற்று பிரித்துப் பார்த்தேன். சிக்ரிட்டை மீண்டும் நிற்கச் சொன்னேன். கடைசித் திருத்தத்தை நான் செய்யாமல் டச்சிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் யாருடைய முகமும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. குறைந்தபட்சம் அப்படித்தான் சொல்கிறார். சிக்ரிட் பால்போல வெளுப்பாக வந்தாள், வெள்ளை வெள்ளையாக வந்தது. இனி எல்லா ஞாயிறும் இப்படியே செய்யலாம் என்று காரவேயிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்பதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

எனவே, கேமராவுக்கு உங்கள் முகம் இனித் தேவையில்லை. அந்தக் கூறு முடிந்தது. மீதி இருப்பது ஒன்றுதான். அதை நேராகச் சொல்கிறேன்: எனக்கு நீங்கள் வேண்டும். என்னை மணந்துகொள்வீர்களா?

எனக்கு அறுபத்தேழு வயது. சமைக்கத் தெரியாது. பேச வேண்டிய நேரத்தில் பேச மாட்டேன். இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அசுந்தாவையும் கேட்டு, எப்போது முடியுமோ அப்போது பதில் எழுதுங்கள்.

இங்கே இப்போது படத்தில் பிழை இல்லை. கேமராக்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. புதிய உடைப் பொறுப்பாளர் நேரத்துக்கு வருகிறார். மாடி அறை அமைதியாக இருக்கிறது. இவ்வளவையும் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன், கான்செட்டா: என் முதல் கடிதத்தின் மூன்றாவது குறிப்பு தவறு.

ஹோரேஸ்